முதல் பக்கத்தில் இல்லாத விடுதி: ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தின் முதலீட்டுக் கணக்கு

புக்கிட் தீமாவில் இருக்கிறது அந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து இலையை எடுத்த பிறகுதான் கணக்குப் பேச்சு தொடங்கும். பெரியவர் காலத்திலிருந்தே அப்படித்தான். 2024 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, பேத்தி மடிக்கணினியைத் திறந்து மேசை நடுவில் வைத்தாள். திரையில் ஒரே வரி: 'குடும்ப நிதியில் 5 விழுக்காட்டைத் தாக்க முதலீட்டுக்கு ஒதுக்குவோம்.' அதாவது, லாபத்தோடு சமூக நன்மையையும் நோக்கிப் போடும் பணம்.

அவளுக்கு வயது 28. வங்கி ஒன்றில் ஐந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு, தாத்தாவின் சொத்தை நிர்வகிக்கும் குடும்ப அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மேசையைச் சுற்றிப் பெரியவர், அவர் மனைவி, இரண்டு மகன்கள், மருமகள்கள் இருந்தார்கள். கடைசி நாற்காலியில் நான். இந்தக் குடும்பத்தின் கணக்கை நீண்ட காலமாகப் பார்த்துவருபவன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், தொகைகளைத் தோராயமாகச் சொல்கிறேன், அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் இந்தக் குடும்பம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் இந்த ஆய்வு. அவள் நினைத்த இடத்துக்கு அது போகவில்லை.

மகமை எழுதிய பேரேடு

பெரியவரின் தந்தை செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்து மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடியில் உட்கார்ந்தவர். ஒரு நீளக் கூடம். ஆளுக்கொரு மரப்பெட்டி, அதன் மேலேயே கணக்கு, இரவில் அதன் பக்கத்திலேயே பாய். அந்தக் கிட்டங்கிகளை 1970களின் நகரச் சீரமைப்பில் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன. டேங்க் ரோட்டில் 1859இல் எழும்பிய தண்டாயுதபாணி கோயில் மட்டும் அந்த உலகத்தின் சாட்சியாக இருக்கிறது.

தந்தை எழுதிய பேரேடு ஒன்றைப் பெரியவர் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பிள்ளையார் சுழிக்குக் கீழே வரவு, செலவு, வட்டி. ஒவ்வொரு ஐந்தொகையின் அடியிலும் தனியாக ஒரு வரி: மகமை. வந்த லாபத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். கோயிலுக்கு, ஊருணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு. நட்டம் வந்த ஆண்டில்கூட சின்னத் தொகை ஒன்று அந்த வரியில் எழுதப்பட்டிருந்ததை நானே பார்த்தேன்.

இந்தக் குடும்பத்துக்கு 'பணத்தால் நல்லது செய்வது' என்றால் அந்த வரிதான் பொருள். சம்பாத்தியம் ஒரு பக்கம், தருமம் அதற்கடியில். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. பேத்தியின் 5 விழுக்காடும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பது அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கிட்டங்கிக்குப் பிறகு துணிக்கடை, ஜூரோங் கப்பல் பட்டறைகளுக்குச் சாமான் விநியோகம், பிறகு தொழிற்பேட்டைக் கட்டடங்கள் என்று தொழில் வளர்ந்தது. 2010க்குப் பிறகு ஒரு வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் 30 விழுக்காடு பங்கு வாங்கினார்கள். இந்தக் கடைசி வரி பின்னால் முக்கியமாகிறது.

ஏன் இப்போது எல்லாரும் இதைப் பேசுகிறார்கள்

சிங்கப்பூரில் வரிச்சலுகை பெற்ற ஒற்றைக் குடும்ப அலுவலகங்கள் 2020 இறுதியில் ஏறத்தாழ 400. 2024 இறுதியில் 2,000ஐத் தாண்டிவிட்டன. வருமான வரிச் சட்டத்தின் 13ஓ, 13யூ என்ற இரண்டு பிரிவுகள்தான் வாசல். முதலாவதற்குக் குறைந்தது 20 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொத்து வேண்டும், இரண்டாவதற்கு 50 மில்லியன். 2023 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம் நிபந்தனைகளைத் திருத்தியது. நிர்வகிக்கும் சொத்தில் 10 விழுக்காடு அல்லது 10 மில்லியன் வெள்ளி, இதில் எது குறைவோ அதை, ஆணையம் வரையறுத்த வகைகளில் போட வேண்டும். அந்த வகைகளில் பருவநிலை சார்ந்த முதலீடும் உண்டு. ஒருவர் இடரைத் தாங்கி மற்றவர்களை உள்ளே இழுக்கும் கலப்பு நிதித் திட்டத்தில் மிகச் சலுகையான விதிமுறையில் பணம் போட்டால் அது இரு மடங்காகக் கணக்கிடப்படும். 2024 ஜனவரியிலிருந்து, இத்தகைய குடும்பங்கள் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் அமைப்புகள் வழியாக வெளிநாட்டுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கும் 100 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கிறது. உச்சவரம்பு, சட்டப்படியான வருமானத்தில் 40 விழுக்காடு. இந்தச் சலுகை 2028 இறுதிவரை.

இந்தக் குடும்பம் 60 மில்லியன் வெள்ளியோடு 13யூ பிரிவில் நுழைந்தது. ஆக, பேத்தியின் யோசனைக்குக் கொள்கையும் காற்றாக வந்து கைகொடுத்தது. நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல குடும்பங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: வரிச்சலுகை ஆளை வாசல்வரை கூட்டிவரும், அதற்கு மேல் அவர்களே நடக்க வேண்டும். '10 விழுக்காட்டுக்கு என்ன வாங்கலாம்?' என்று கேட்டு வாங்கியவர்கள் அதை அப்படியே மறந்துபோனதையும் பார்த்திருக்கிறேன்.

'யாரைத் தாக்குறது?'

அந்த முதல் ஞாயிறு பெரியவரின் மனைவி, அதாவது பேத்தியின் அப்பத்தா, கேட்ட கேள்வி இது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, தமிழ் முரசை வரி விடாமல் வாசிப்பவர். 'தாக்கம்' என்ற சொல் அவருக்கு உறுத்தியது. "புயல் தாக்குச்சு, நோய் தாக்குச்சுன்னுதானே சொல்லுவோம். நீங்க நல்லதுதானே பண்ணப் போறீங்க? பலன்னு சொல்லேன்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் அது 'பலன்' ஆயிற்று. பெயர் மாறியதில் ஒரு தெளிவும் வந்தது. பலன் என்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: யாருக்கு?

இங்கே மூன்று வேறு காரியங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. தீங்கானதை வாங்காமல் விலக்குவது ஒன்று. ஒரு நிறுவனம் சுற்றுச்சூழலையும் ஆட்களையும் எப்படி நடத்துகிறது என்று பார்த்து, அதை லாப நட்டக் கணிப்பில் சேர்ப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் பலன் முதலீடு. குறிப்பிட்ட நன்மை நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடேயே பணம் போடுவது, நடந்ததா என்று அளப்பது, போட்ட பணத்துக்கு வருமானமும் எதிர்பார்ப்பது. இந்தப் பெயர் 2007இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை இத்தாலியின் பெல்லாஜியோவில் கூட்டிய சந்திப்பில் பிறந்தது. உலகப் பலன் முதலீட்டு வலையமைப்பு 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்படி நிர்வகிக்கப்படும் பணம் 1.57 டிரில்லியன் அமெரிக்க டாலர்.

பங்குச் சந்தையில் சூரிய மின்சக்தி நிறுவனத்தின் பங்கை வாங்கிவிட்டு 'நான் சூரிய சக்திக்குப் பணம் கொடுத்தேன்' என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர் கொடுத்த பணம் பங்கை விற்ற இன்னொருவர் கைக்குப் போயிற்று. நிறுவனத்துக்கு ஒரு காசும் போகவில்லை. அந்தப் பங்கு வேண்டாம் என்பதல்ல. ஆனால் 'நாம் இல்லாவிட்டால் நடந்திருக்காது' என்று சொல்லத்தக்க காரியம் எது என்ற கேள்விதான் பலன் முதலீட்டின் உயிர்நாடி. அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் மிஞ்சுவது வெறும் பசுமைப் பூச்சு.

முதல் தேர்வும் அப்பத்தாவின் மறுப்பும்

பேத்தி கொண்டுவந்த முதல் நிதியம் நுண்கடன் சார்ந்தது. தென்கிழக்காசியக் கிராமத்துப் பெண்களுக்குச் சிறு கடன். எத்தனை ஆயிரம் பெண்கள், எவ்வளவு திருப்பிச் செலுத்தும் விகிதம் என்று அழகான கையேடு. இந்தத் துறையில் சிங்கப்பூருக்கு ஒரு பெயரும் உண்டு. இம்பேக்ட் இன்வெஸ்ட்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற இங்குள்ள அமைப்பு 2017இல் 8 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் 'பெண்கள் வாழ்வாதாரக் கடன்பத்திரம்' வெளியிட்டு, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. அசலில் பாதி அளவுக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பு உத்தரவாதம் கொடுத்தது. இப்படி ஒருவர் இடரைத் தாங்க, மற்றவர்கள் துணிந்து பணம் போடுவதைத்தான் கலப்பு நிதி என்கிறோம்.

ஆனால் பேத்தி கொண்டுவந்தது வேறொரு நிதியம். அப்பத்தா கேட்டார்: "கடைசியில அந்தப் பொம்பளை என்ன வட்டி கட்டுறா?"

கையேட்டில் தேடினோம். இல்லை. எழுதிக் கேட்டோம். சராசரி என்று ஓர் எண் வந்தது, கட்டணமும் காப்பீடும் சேர்க்காமல். சேர்த்து எவ்வளவு என்று மறுபடி கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை.

"நாங்க வட்டிக் குடும்பம். வட்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா? முதல்ல வட்டியச் சொல்லு, அப்புறம் தருமம் பேசு" என்றார் அவர். அந்தக் கேள்வியின் எடையை உணர 2010இன் ஆந்திரத்தை நினைத்தால் போதும். நுண்கடனின் பெயரால் 2006இல் நோபெல் அமைதிப் பரிசு கொடுக்கப்பட்டது. நான்கே ஆண்டில், இந்தியாவின் பெரிய நுண்கடன் நிறுவனம் ஒன்று பங்குச் சந்தைக்கு வந்த அதே ஆண்டில், ஆந்திரத்தில் ஒரே வீட்டுக்கு நாலைந்து பேர் கடன் கொடுத்து வசூலுக்கு நெருக்கிய புகார்களும் தற்கொலைச் செய்திகளும் குவிந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட, வசூல் நின்றே போனது. கையேட்டில் இருந்த திருப்பிச் செலுத்தும் விகிதம், அந்தப் பணம் எங்கிருந்து புரட்டப்பட்டது என்பதைச் சொன்னதே இல்லை.

அந்த நிதியத்தைக் கைவிட்டார்கள். பேத்திக்கு அன்று முகம் வாடிப்போயிற்று. ஆனால் அவள் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டாள்: கடைசியில் இருக்கும் ஆளுக்கு என்ன ஆகிறது? அடுத்த மாதம் அதே கேள்வியை வீட்டுக்குள் திருப்பினாள்.

"அங்கிள், விடுதி ஏன் நம்ம அறிக்கையில வரவே இல்ல?"

கோட்டுக்கு வெளியே நின்ற சொத்து

பதில் எளிது. குடும்ப அலுவலகம் நிர்வகிக்கும் நிதியத்தில் இருப்பவை பங்குகள், கடன்பத்திரங்கள், பிற நிதியங்கள். விடுதிப் பங்கு தனியார் நிறுவனம் ஒன்றின் பெயரில், நிதியத்துக்கு வெளியே. சட்டப்படி எல்லாம் சரி. நான் தயாரித்த ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் 60 மில்லியன் வெள்ளி எங்கெங்கே இருக்கிறது என்று வட்டப்படம் இருக்கும். விடுதி அதில் இல்லை, ஏனென்றால் அந்த 60 மில்லியனில் அது இல்லை. 5 விழுக்காட்டை எதில் போட்டாலும், எவ்வளவு நேர்மையாக அளந்தாலும், குடும்பத்தின் வருமானத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அந்தப் பக்கத்துக்கு வந்தே இருக்காது. இதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

2020 ஏப்ரலை இங்கே யாரும் மறக்கவில்லை. விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த ஆண்டு முடிவில் மனிதவள அமைச்சு வெளியிட்ட எண்ணிக்கையின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்கு எப்போதோ ஒரு கட்டத்தில் கொவிட் தொற்று வந்திருந்தது. நெருக்கம்தான் காரணம் என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரநிலை வந்தது: ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், அறையோடு சேர்ந்த கழிவறை ஆறு படுக்கைக்கு ஒன்று. 2023 ஏப்ரலிலிருந்து ஏழு படுக்கை உள்ள விடுதிகூட விடுதிச் சட்டத்துக்குள் வந்தது. பழைய விடுதிகளுக்குத் தவணை கொடுத்தார்கள். 2030க்குள் இடைக்காலத் தரநிலை, 2040க்குள் முழுத் தரநிலை.

இவர்கள் பங்கு வைத்திருக்கும் விடுதி பழையது. இரண்டு கட்டடம், கட்டடத்துக்கு 50 அறை, அறைக்கு 16 பேர். மொத்தம் 1,600 படுக்கை.

2024 நடுவில் ஒரு ஞாயிறு மாலை போனோம். பெரியவரும் வந்தார், வேண்டாம் என்று மகன்கள் தடுத்தும். மாடிப்படி ஓரத்தில் பாதுகாப்புக் காலணிகள் ஜோடி ஜோடியாக, ஒவ்வொன்றின் உள்ளேயும் சுருட்டிய காலுறை. அறையில் எட்டு இரண்டடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டில்களில் கைலியையும் போர்வையையும் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்குப் பின்னால் இருப்பதுதான் ஒருவருக்குச் சொந்தமான மொத்த இடம்: கைப்பேசிக் கம்பி, கருப்பசாமி படம், பள்ளிச் சீருடையில் ஒரு பையன் படம், ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்துவைத்த பால்மாவு டின்கள் மூன்று. காயாத வேலை உடையின் வாடை. மேல்கட்டிலில் ஒருவர் வீட்டோடு காணொளி அழைப்பில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பெரியவர் ஒரு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எந்த ஊரு தம்பி?"

"பொன்னமராவதிப் பக்கம் ஐயா."

அது பெரியவரின் பூர்வீக ஊருக்குப் பக்கம். அவர் அதற்கு மேல் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. "இங்க வசதி எப்படி?" என்றார்.

"ரூம்பு பரவால்லைங்கய்யா. சோறுதான்."

காலை ஐந்து மணிக்கு லாரியேறும்போது மதியச் சாப்பாட்டையும் பொட்டலமாகக் கொடுத்துவிடுகிறார்கள். வேலையிடத்தில் அதைப் பிரிப்பது பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் குழம்பு நொதித்துவிடும். அதனால் முடிந்தவர்கள் இரவில் தாங்களே சமைத்துக் காலையில் எடுத்துப் போகிறார்கள். அடுப்புக்கு வரிசை, இரவு பத்து மணிக்கும்.

திரும்பி வரும்போது வண்டியில் பெரியவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "எங்கப்பச்சி கிட்டங்கியில பாய் விரிச்சிப் படுத்தாரு, ஆனா அது அவரு பெட்டியடி."

கணக்கு

உருக்கத்தோடு முடிவெடுக்க விடக்கூடாது என்பது என் கட்சி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு படுக்கைக்கு மாதம் 400 வெள்ளி என்று வையுங்கள். முதல் கட்டடத்தின் 800 படுக்கைக்கு ஆண்டுக்கு 38 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. அறைக்கு 12 பேர் என்று குறைத்தால் 600 படுக்கை. சீரமைத்த அறைக்கு வாடகை 450 என்று ஏற்றினாலும் 32 லட்சத்து 40 ஆயிரம்தான். ஆண்டுக்கு 6 லட்சம் குறைகிறது. அதில் இந்தக் குடும்பத்தின் 30 விழுக்காட்டுப் பங்கு 1 லட்சத்து 80 ஆயிரம். கட்டட வேலைக்கு ஆகும் செலவு தனி, சுமார் 3 மில்லியன் வெள்ளி.

3 மில்லியன். 60இல் 5 விழுக்காடு. பேத்தி முதல் நாள் திரையில் காட்டிய அதே தொகை.

ஆனால் விடுதி இவர்களுடையது மட்டுமல்ல. மீதி 70 விழுக்காடு இரண்டு தொழில் பங்காளிகளிடம். அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. "2030 வரை நேரம் இருக்கு. சட்டத்தை மீறலையே. எதுக்கு ஆறு வருஷம் முந்தி நட்டப்படணும்?" மூத்த மகனும் அவர்கள் பக்கம்தான். அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது: 400 படுக்கையை ஒரேயடியாக எடுத்துவிட்டால் அந்த 400 பேர் எங்கே போவார்கள்? வேறொரு விடுதியில் இன்னும் நெருக்கமாகப் படுப்பார்கள். இது தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. நாம் எண்ணும் பலன் வேறொருவர் தலையில் சுமையாக இறங்கினால் அது பலனா? இதனால்தான் இரண்டு கட்டடத்தையும் ஒன்றாகத் தொடாமல், ஒப்பந்தம் முடிந்து முதலாளிகள் ஆட்களைக் குறைக்கும் அறைகளிலிருந்து மட்டும் படுக்கையை எடுப்பது என்று வைத்தார்கள். யாரையும் வெளியே அனுப்புவதில்லை. வேகம் குறைந்தது.

எட்டு மாதப் பேச்சுக்குப் பிறகு வந்த உடன்பாடு இது. குடும்பம் நிதியத்திலிருந்து 3 மில்லியனை வெளியே எடுத்து, விடுதி நிறுவனத்துக்கு 2 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாகக் கொடுக்கும். நிதியத்தில் மிச்சம் 57 மில்லியன், 13யூ பிரிவு கேட்கும் 50 மில்லியன் என்ற எல்லைக்கு மேலேயே நிற்கிறது. முதல் இரண்டு ஆண்டு குடும்பம் தன் லாபப் பங்கை வாங்காது, பங்காளிகளின் வருமானக் குறைவில் ஒரு பகுதியை அது ஈடுகட்டும். பதிலுக்குப் பங்காளிகள் முதல் கட்டடத்துக்குச் சம்மதித்தார்கள். இரண்டாவதைப் பற்றிப் பிறகு.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடனை நாங்கள் எந்தச் சலுகைக் கணக்கிலும் காட்டவில்லை. ஆணையத்தின் 10 விழுக்காட்டு நிபந்தனையைக் குடும்பம் வேறு முதலீடுகளால் நிறைவேற்றுகிறது. இரு மடங்குக் கணக்கும் இல்லை, மாநாட்டு மேடையும் இல்லை. ஆனால் உருவத்தில் இது கலப்பு நிதியேதான்: ஒருவர் குறைந்த வருமானத்தை ஏற்றுக்கொண்டு, தயங்குகிற மற்றவர்களை உள்ளே இழுப்பது. அயல்நாட்டுத் திட்டங்களில் தேடுவதை இவர்கள் தங்கள் பங்காளிகள் கூட்டத்திலேயே செய்தார்கள். 'நாம் இல்லாவிட்டால் நடந்திருக்குமா?' என்ற கேள்விக்கு, இந்தக் குடும்பம் வாங்கிய அத்தனையிலும் இதற்கு மட்டும்தான் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: 2030க்கு முன் நடந்திருக்காது.

கேட்டதும் திருத்தியதும்

முதல் வரைபடத்தில் ஒரு பிழை இருந்தது. அறையோடு சேர்ந்த கழிவறைக்கு இடம் எடுக்க, மாடிக்கு மாடி இருந்த சமையற்கூடங்களில் பாதியை எடுப்பதாகத் திட்டம். காகிதத்தில் எல்லாத் தரநிலையும் பொருந்தியது. பேத்தி தமிழிலும் வங்காளத்திலும் கேள்வித்தாள் அடித்து, மேற்பார்வையாளர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் விடுதியில் கொடுத்தாள். பெயர் எழுத வேண்டாம் என்றாள். திரும்பி வந்ததில் முதலிடத்தில் நின்ற குறை சோறு. இரண்டாவது, காலை லாரி. படுக்கை நெருக்கம் மூன்றாவது.

அந்த நிலையில் அடுப்பைக் குறைத்திருந்தால்? தரநிலைப்படி உயர்ந்த ஒரு கட்டடத்தில், அவர்கள் அதிகம் வருந்துகிற ஒன்றை நாமே மோசமாக்கியிருப்போம். வரைபடத்தைத் திருப்பி வரைந்தார்கள். கழிவறைக்கு ஒவ்வொரு மாடியிலும் இரண்டு அறைகளை விட்டுக்கொடுத்தார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் படுக்கை போயிற்று, மேலே சொன்ன 6 லட்சம் சற்றுக் கூடியது. மூத்த மகன் அன்று கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்து கையெழுத்திட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்னொரு கேள்வியையும் கேள்வித்தாளில் சேர்த்தார்கள்: 'வாடகை ஏறிய பிறகு உங்கள் சம்பளத்தில் ஏதாவது பிடித்தம் கூடியதா?' முதலாளி கட்டும் வாடகைதான். ஆனால் அது சுற்றி வந்து கடைசி ஆளின் தலையில் விழுகிறதா என்று கேட்டால் ஒழியத் தெரியாது. அப்பத்தா வட்டியைக் கேட்ட அதே கேள்வி இது.

இங்கு வரப் பலர் ஊரில் முகவருக்குக் கட்டிய கடன் இந்த அறைகளுக்கெல்லாம் மேலே நிற்கிற பெரும்பாரம். அதை இந்த 3 மில்லியன் தொடவில்லை. தொட்டதாக அறிக்கையில் எழுதவும் இல்லை.

மற்றவை

மீதி நிதியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டை எரித்து நிலம் திருத்தியதாக அதிகாரிகளின் நடவடிக்கைக்கு ஆளான செம்பனை எண்ணெய், காகித நிறுவனங்களை விலக்கினார்கள். 2013 ஜூன் 21 அன்று அந்தக் காட்டுப் புகை சிங்கப்பூரைச் சூழ்ந்து காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டதும், 2015 செப்டம்பரில் பள்ளிகளை ஒரு நாள் மூடியதும் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் புகை நிறைந்த நினைவு, அதனால் அதில் விவாதமே இல்லை. பொதுமக்களுக்கு விற்கும் நிதியம் சுற்றுச்சூழல், சமூக நோக்கத்தைப் பெயரில் சொன்னால், சொத்தில் மூன்றில் இரண்டு பங்காவது அந்த உத்திப்படி இருக்க வேண்டும் என்பது 2023இலிருந்து ஆணையத்தின் எதிர்பார்ப்பு. அந்தத் தட்டில் நிற்காத ஒன்றை விற்றார்கள். எந்தத் தொழில் எவ்வளவு பசுமையானது என்று பிரித்துச் சொல்லும் சிங்கப்பூர்-ஆசிய வகைப்பாடு 2023 டிசம்பரில் வந்தது. அது பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, இன்னும் மாறிக்கொண்டிருக்கும் தொழில்களுக்கான மஞ்சள் வகை ஒன்றை அளவுகோலோடு வரையறுத்தது. நிலக்கரியை நம்பியிருக்கும் இந்த வட்டாரத்துக்கு அது தேவைதான் என்பது என் எண்ணம். மஞ்சளிலேயே தங்கிவிடுகிற நிறுவனத்தை எப்போது விட்டு வெளியேறுவது என்பதற்கு இந்தக் குடும்பம் இன்னும் தேதி வைக்கவில்லை, வைக்க வேண்டும்.

அப்பத்தாவின் ஆசைப்படி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததை முறையான உள்ளூர் அமைப்பு வழியாகக் கொடுத்தார்கள். அது முதலீடு அல்ல, திரும்பி வராது. அதனால் அறிக்கையில் அதற்குத் தனி வரி, பழைய பெயரிலேயே: மகமை.

இப்போது

2025இல் முதல் கட்டடம் முடிந்தது. ஆண்டறிக்கை இப்போது தமிழிலும் வருகிறது, ஏனென்றால் அப்பத்தா கேட்கும் கேள்விகள் இல்லாமல் கூட்டம் முழுமையாவதில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். முதல் பக்கத்தில் வட்டப்படம் இல்லை. அதற்குப் பதில் விடுதி. அறைக்கு எத்தனை பேர், கழிவறை ஒன்றுக்கு எத்தனை பேர், அடுப்புக்குக் காத்திருக்கும் நேரம், சம்பளப் பிடித்தம் கூடியதாகச் சொன்னவர்கள் எத்தனை பேர், போன ஆண்டு சொன்ன குறைகளில் தீராதவை எவை. கடைசி வரியில் இந்த ஆண்டு நான்கு குறைகள். காலை லாரி அதில் ஒன்று. அது முதலாளிகள் கையில் இருக்கிறது, விடுதியின் கையில் இல்லை.

பேத்தி போன மாதம் மறுபடி விடுதிக்குப் போயிருந்தாள். பொன்னமராவதிக்காரர் ஒப்பந்தம் முடிந்து ஊர் போய்விட்டாராம். அவர் கட்டில் இருந்த சுவரோரம் இப்போது ஆளுயர அலமாரி, ஆளுக்கொரு பூட்டோடு. கைலித் திரையை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. அடுத்த கேள்வித்தாளில் திரையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று குறித்து வந்திருக்கிறாள்.

இரண்டாவது கட்டடத்துக்கான தாள்கள் தயார். இரண்டு பங்காளிகளில் ஒருவர் கையெழுத்திட்டுவிட்டார். மற்றவர் முதல் கட்டடத்தின் ஓர் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். கணக்கு என் மேசையில் இருக்கிறது. கூட்டம் தைப்பூசம் கழித்து.